காணாமல் போன பதினொரு அம்பியர்-மணி

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை 7 மணி 50 நிமிடம். வெளியே பதினான்கு பாகை, தூறல். ஆகஸ்ட் மாதத்தில் பதினான்கு பாகை என்றால் எதையும் நம்ப முடியாது என்று நினைத்துக்கொண்டு பட்டறைக் கதவைத் திறந்தேன். திறப்பு பூட்டிலேயே இருந்தது, உள்ளே ரெலிபோன் அடித்தது. திறப்பை எடுக்க மறந்து ஓடினேன். அன்று பகல் முழுவதும் அதைத் தேடினேன். அந்த வாரம் தொடங்கிய விதம் அப்படி.

வோன்வாகன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காரின் பின்னால் இழுத்துப் போகும் அந்த வீட்டு வண்டிகளுக்கு மின்சார வேலை செய்து பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கினேன். வயர் எப்படிப் பொருத்துவது என்பதை உங்கள் அவுஸ்பில்டுங் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்று எனக்கு அந்த வாரத்தில் நடந்தது. அது முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

ரெலிபோனில் திரேசம்மா அக்கா. கார்ல்ஸ்ரூஹேயில் இருப்பவர். அவருடைய கணவர் அன்ரன் அண்ணையும் அவரும் அந்த வருடம் வசந்த காலத்தில் எங்கள் பட்டறையில் ஒரு பழைய வோன்வாகன் வாங்கினார்கள். முந்நூறு கிலோமீற்றர் தாண்டி எங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம், இங்கே ஒரு மன்னார் ஆள் வேலை செய்கிறான் என்று யாரோ சொன்னதுதான். மன்னாரில் நான் கணித ஆசிரியர். அதனால் ஜெர்மனியில் உள்ள எங்கள் ஆட்களுக்கு நான் இன்றைக்கும் மாஸ்ரர். பட்டறை முதலாளியோ மைஸ்டர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். மாஸ்ரருக்கு மேலே மைஸ்டர் என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

"மாஸ்ரர், மெசின் நிண்டு போச்சு," என்றார் திரேசம்மா அக்கா. அவருடைய குரல் இரவு முழுவதும் விழித்திருந்த குரல். "விடிய நாலு மணிக்கு. சத்தம் நிண்டதும் நான் எழும்பிட்டன். அதுக்குப் பிறகு இவர் படுக்கேல்லை. கதிரையிலை இருந்தவர்."

மெசின் என்றால் மூச்சு மெசின். அன்ரன் அண்ணைக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வருத்தம். முகத்தில் ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் காற்றைத் தள்ளும் பெட்டி. முந்திய மாரியில் இருதயமும் சேர்ந்து மோசமாகி, ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தார். மெசின் இல்லாமல் ஒரு இரவு கூடப் படுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் பதினாறு நாளில் திரேசம்மா அக்கா மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். இவர் மூச்சோடு வீட்டுக்கு வந்தால், மாதாவின் திருவிழாவுக்கு ஒன்பது நாள் முதலே போய், திருத்தலத்துக்குப் பக்கத்திலேயே இருவருமாகத் தங்கி நவநாள் முடிப்பது என்று.

திருத்தலம் எங்கள் பட்டறையிலிருந்து முப்பத்தொரு கிலோமீற்றர். தங்குவது ஒரு விவசாயியின் புல்வெளியில். அங்கே தண்ணீர்க் குழாய் உண்டு, மின்சாரம் கிடையாது. ஆகவே கூரைக்கு ஒரு சோலார் தகடும், கட்டிலுக்குக் கீழே தொண்ணூற்றைந்து அம்பியர்-மணி பற்றரியும் போட்டுக் கொடுத்தது நான். ஒன்பது இரவுக்கும் தாங்கும் என்று சொன்னதும் நான். கணக்கை ஒரு தடவை போட்டேன், பிறகு ஒரு தடவை போட்டேன், அவர்கள் போன பிறகு இன்னொரு தடவையும் போட்டேன். தாங்க வேண்டும். வியாழக்கிழமை போய் இறங்கினார்கள். நாலாம் இரவே தாங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். புல்வெளியில் அப்போது பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள், ஐந்து வோன்வாகன். அன்ரன் அண்ணையின் வண்டிக்கு முன்னால் ஒரு முன்கூடாரம் கட்டியிருந்தார்கள். அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் மேசை, வெள்ளைத் துணி, மாதா சுரூபம், பூ, சிவப்புக் கண்ணாடிக் குவளைக்குள் எரியும் மெழுகுதிரி. பக்கத்துக் கூடாரங்களில் உள்ள பெண்கள் பகலில் அங்கே வந்து செபமாலை சொல்வார்களாம். நானும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பற்றரி காய்ந்து கிடந்தது. வண்டியில் ஏதாவது களவாகக் குடிக்கிறதா என்று மீற்றரைப் பூட்டிப் பார்த்தேன். பூச்சியம். முள் அசையவில்லை.

"அக்கா, இரவிலை என்னென்ன போடுறீங்கள்?"

"மெசின். வேறை என்ன?"

"பிரிட்ஜ்?"

"அது காஸிலை ஓடுது. நீங்கள்தானே காட்டித் தந்தனீங்கள்."

"தண்ணிப் பம்ப்?"

"முகம் கழுவேக்கை."

"படுக்கப் போகேக்கை எல்லா லைட்டையும் நூத்திடுவீங்களோ?"

"ஓம் மாஸ்ரர், எல்லாம் நூத்திட்டுத்தான் படுக்கிறது. இவருக்கு வெளிச்சமெண்டால் நித்திரை வராது."

இந்தக் கேள்வியையும் இந்தப் பதிலையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். அக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அன்ரன் அண்ணை கதிரையில் சாய்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாஸ்ரர், பள்ளிக்கூடத்திலை கணக்குப் பிழைச்சால் நீங்கள் பிள்ளையளுக்கு அடிச்சனீங்களோ?"

"அடிச்சனான்."

"அப்ப இப்ப கையை நீட்டுங்கோ பாப்பம்."

பற்றரி பழுது என்று முடிவு செய்தேன். அதுதான் எளிதான முடிவு. மாற்றாகப் பட்டறையிலிருந்து கொண்டுபோன பற்றரியை வைத்துவிட்டு, அவர்களுடையதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அக்கா கட்டித் தந்த நாலு வாய்ப்பனில் மூன்றை வழியிலேயே சாப்பிட்டேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

பழுதான பற்றரி பழுதாக இல்லை. இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, செவ்வாய் காலை சுமை கொடுத்துப் பார்த்தோம். குதிரை மாதிரி நின்றது. மைஸ்டர் மீற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதற்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "அப்படியென்றால் நீ தவறான நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறாய்."

நான் குழம்பத் தொடங்கியது அப்போதுதான். பற்றரி நல்லது. வண்டி குடிக்கவில்லை. சோலார் தகடு மழையிலும் கொஞ்சமாவது தருகிறது. பிறகு எங்கே போனது? ஒரு வேளை இரவில், வெயில் இல்லாத நேரத்தில், இடையில் உள்ள சார்ஜ் ரெகுலேற்றர் வழியாகப் பற்றரியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் திரும்பிப் போகிறதோ? மலிவான ரெகுலேற்றர்களில் அப்படி நடப்பதுண்டு. நான் போட்டது மலிவானது அல்ல. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு அது சாட்சியைவிடப் பெரிதாகத் தெரியும். இந்தக் குணம் உங்களில் யாருக்காவது இருந்தால் கவனம்.

செவ்வாய் மத்தியானம் திரும்பவும் போனேன். அவர்களுடைய பற்றரியையே பூட்டினேன். புதிய ரெகுலேற்றர் போட்டேன். பற்றரியிலிருந்து எவ்வளவு வெளியே போகிறது என்று எண்ணிக் காட்டும் ஒரு சிறு பெட்டியையும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாதா மேசையில் பூ மாறியிருந்தது, திரி எரிந்தது. செபமாலை நடந்துகொண்டிருந்ததால் அக்கா கண்ணாலேயே வணக்கம் சொன்னார்.

உள்ளே அன்ரன் அண்ணையிடம் குசுகுசுத்தேன். "அண்ணை, மெசினிலை தண்ணி சூடாக்கிற பகுதியொண்டு இருக்கெல்லே? அதைப் போடுறீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ, நான் ஏச மாட்டன்."

"அந்தத் தண்ணிச் சட்டியை வீட்டிலை விட்டிட்டெல்லோ வந்தனான்."

"ரேடியோ?"

"அவ பாடுறதே காணும்."

"பக்கத்துக் கூடாரத்துப் பெடியள் ஆரும் போனுக்குச் சார்ஜ் ஏத்த வாறவங்களோ?"

அன்ரன் அண்ணை என் மீற்றரைத் தொட்டுக் காட்டினார். "மாஸ்ரர், உங்கடை மீற்றர் சுகமாய் இருக்கோ? ஒருக்கா அதையும் டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

புதன் காலை. அக்கா எண்ணும் பெட்டியில் பார்த்து ரெலிபோனில் வாசித்தார். "முப்பத்து மூண்டு, மாஸ்ரர்."

முப்பத்து மூன்று அம்பியர்-மணி. மெசினுக்குப் பதினெட்டு, படுக்கும் வரை லைட்டுக்கு மூன்று, பம்புக்கு ஒன்று. இருபத்திரண்டு வரவேண்டும். பதினொன்று அதிகம். புதிய ரெகுலேற்றர் போட்டும் பதினொன்று அதிகம். பகலில் நான் அளந்தால் பூச்சியம், இரவில் யாரோ வந்து பதினொன்றைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் கடதாசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கடதாசியைத் திருப்பி வைத்தும் கூட்டிப் பார்த்தேன். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

மைஸ்டர் பின்னால் வந்து நின்றார். அவர் அதிகம் பேசுபவர் அல்ல. சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"ஒரு இரவில் பதினொன்று என்றால், மணிக்கு ஏறக்குறைய ஒரு அம்பியர். பத்து வாட் சூடு. எங்கே இருக்கிறது அந்தச் சூடு? சுவருக்குள் உரசிப்போன ஒரு வயரிலா? கட்டிலுக்குக் கீழே பலகையிலா? அந்தப் பலகைக்கு மேலே ஒரு மனிதன் முகத்தில் குழாயோடு படுத்திருக்கிறான். எழும்பி ஓட அவனுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகத் தேவை. இன்று இரவுக்குள் கண்டுபிடி. கண்டுபிடிக்கவில்லையென்றால் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வா. அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்."

"இன்னும் மூன்று இரவுதான். அது ஒரு நேர்த்தி," என்றேன். நேர்த்திக்கு நான் சொன்ன ஜெர்மன் சொல் சரியோ என்று தெரியவில்லை. கல்யாண வாக்குறுதிக்குச் சொல்லும் சொல்லோ என்னவோ. அவர் புருவத்தை உயர்த்தினார்.

"எனக்கு அது விளங்காது. எனக்கு விளங்குவது, தெரியாத ஒரு ஓட்டத்துக்கு மேலே ஆளைப் படுக்கவிடக் கூடாது என்பது." பிறகு போகிற போக்கில் ஒன்று கேட்டார். "மின்சாரம் எப்போது போகிறது?"

"இரவில்."

"நீ எப்போது போகிறாய்?"

"மத்தியானம்."

அவர் போய்விட்டார். நான் ஏன் இரண்டு நாளும் மத்தியானம் போனேன் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. சாப்பாட்டு இடைவேளை என்பதால். வேலை முடிந்தால் வீடு, வேலை நேரத்துக்குள் வேலை என்று இந்த நாட்டில் நான் நன்றாகப் பழகிவிட்டேன். வண்டிகள் அப்படிப் பழகவில்லை.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே புல்வெளிக்கு ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. மேகத்துக்குக் கீழே இன்னும் வெளிச்சம். முன்கூடாரத்தில் செபமாலை. பற்றரியைக் கழற்றும் சாவியை அக்கா காணாதபடி பைக்குள் அடியில் வைத்திருந்தேன். அன்ரன் அண்ணை கதவடியில் நின்று, "இண்டைக்கு என்ன சாமான் விக்க வந்தனீங்கள்?" என்றார். ஒன்றும் விற்கவில்லை, சும்மா இருக்க வந்தேன் என்றேன். அது அவருக்குப் பிடிபடவில்லை. மாஸ்ரர் சும்மா இருந்து அவர் கண்டதில்லை.

உள்ளே எண்ணும் பெட்டிக்கு முன்னால் குந்தினேன். அந்த நேரத்தில் எத்தனை அம்பியர் ஓடுகிறது என்பதையும் அது காட்டும். 0.0 காட்டியது. அண்ணையை ஒவ்வொரு லைட்டாகப் போடச் சொன்னேன், நூக்கச் சொன்னேன். போட்டால் ஏறியது, நூத்தால் 0.0. பம்பைப் போடச் சொன்னேன். நின்றதும் 0.0. சுவர்ப் பலகைகளைக் கையால் தடவினேன். சூடு எங்கேயும் இல்லை. கட்டிலுக்குக் கீழே மூக்கை வைத்து மணந்தேன். வெங்காய மணம்தான் வந்தது, அங்கே வெங்காயப் பை இருந்தது.

"காய்ச்சல் பாக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை.

செபமாலை முடிந்தது. பெண்கள் எழும்பிப் போகும் சத்தம். அக்கா மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். நான் ஒதுங்கினேன். கட்டில் தலைமாட்டில் சின்னத் திரைச்சீலை போட்ட ஒரு தட்டு இருந்தது. சுரூபத்தை அங்கே வைத்தார், ஏதோ செய்தார், முணுமுணுத்தார், திரும்பி வெளியே போனார். விரலை எச்சிலில் தொட்டு, வெளியே எரிந்த திரியின் தலையைக் கிள்ளினார்.

பெட்டியில் 0.8.

இதோ வந்துவிட்டது. எங்கே?

"அக்கா! இப்ப என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லையே."

"அண்ணை, நீங்கள்?"

"நான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன்."

0.8. அசையாமல் நின்றது. நான் அந்த எண்ணையே உற்றுப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பெட்டியில் சிவப்பு எழுத்து இல்லையே என்று யோசித்தேன். கையால் துடைத்தேன். போகவில்லை. பிறகுதான் தலையைத் திருப்பினேன். எனக்குப் பின்னால், திரைச்சீலைக்கு நடுவே, மாதாவுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெழுகு அல்ல. உள்ளே கார் பல்ப். அதன் வயர், பகலில் ஒன்றும் பூட்டியிராததால் நான் "வெறுமை" என்று கணக்கில் எழுதியிருந்த சுவர்ப் பிளக் துளைக்குள் போனது.

"அக்கா, இது?"

"மாதாவின்ரை விளக்கு."

"இதுக்குக் கரண்ட் எங்கையிருந்து வருது?"

"சுவரிலையிருந்து."

"சுவருக்கு எங்கையிருந்து வருது?"

அக்கா சுவரைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

"நான் திங்கட்கிழமை கேட்டனானெல்லே, எல்லா லைட்டையும் நூத்திடுவீங்களோ எண்டு?"

"ஓம், எல்லாம் நூத்திடுவம்." பிறகு அவருடைய முகம் மாறியது. கோபம். "மாஸ்ரர், இது லைட்டே?"

இது லைட் அல்ல. என் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று எரிகிறது, வந்த வருடத்திலிருந்து. படுக்கப் போகும் முன் நான்தான் எல்லா லைட்டையும் நூத்துவிட்டு, ஒவ்வொரு சுவிச்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் நூத்தாச்சு" என்று மனைவிக்குச் சொல்லுவேன். சொல்லும்போது என் முகத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். கண்டதேயில்லை. ஜெர்மன் மொழியில் கேட்டிருந்தால், அங்கே லைட்டும் விளக்கும் ஒரே சொல், அக்கா சொல்லியிருப்பாரோ? தெரியாது. அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட நல்லது. ஆனால் நான் தமிழில்தான் கேட்டேன்.

அக்கா கட்டில் விளிம்பில் இருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆஸ்பத்திரியில் வைத்த நேர்த்தியில் இன்னொரு பாதி இருந்தது. ஒன்பது இரவும் ஒன்பது பகலும் மாதாவுக்கு முன்னால் விளக்கு அணையக் கூடாது. இவருடைய மூச்சுக்கு அது. உள்ளே நெருப்பு வைக்கக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கிவிட்டாள், குழாய் மெசின் இருக்கிறதால். அதனால் பகலில் வெளியே திரி, இரவில் உள்ளே பல்ப். திங்கள் விடிய மெசின் நின்றபோதும் பல்ப் அணையவில்லையாம்; பற்றரி தளர்ந்தால் மெசின் நின்றுவிடும், பல்ப் மங்கலாகவாவது எரியும். இதைக் கொளுத்திய பிறகுதான் அதைக் கிள்ளுவார். அவருக்கு அது இரண்டு விளக்கு அல்ல. ஒரே விளக்கு, அறை மாறுகிறது.

தம்பிமார், தங்கச்சிமார், எனக்கு அந்த நேரத்தில் ஒரு வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "அக்கா, அண்ணையின்ரை மூச்சுக்கு எண்டு கொளுத்தின விளக்குத்தான் அண்ணையின்ரை மூச்சைக் குடிக்குது." கணக்குப்படி முழுக்கச் சரி. மூன்று நாள் அலைந்து கண்டுபிடித்த வசனம். ஒரு ஆசிரியருக்கு அப்படிப்பட்ட வசனத்தை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அக்காவின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் விழுங்கினேன். சரி செய்தேனோ, உண்மையை மறைத்தேனோ, இன்றைக்கும் இரண்டு பக்கமும் தராசு ஆடுகிறது.

"அக்கா, வயரிலை பிழையில்லை. பயப்படத் தேவையில்லை," என்றேன். "பல்ப்தான் கொஞ்சம் பெரிசு. சின்னனாய் மாத்துவம்."

"மாத்தேக்கை நூந்து போனால்?"

"போகாது."

"ஆறு இரவு முடிஞ்சுது, மாஸ்ரர்." அவ்வளவுதான் சொன்னார்.

என் பெட்டியில் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குப் போடும் சிவப்பு எல்.ஈ.டி. பல்ப் ஒன்று இருந்தது. மிளகு அளவு. குடிப்பது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் இடையில் இருட்டு. முதலில் புதியதை எரியவிட்டு, பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். அதாவது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வயரின் தோலை உரித்து அதிலேயே புதியதைக் கட்டவேண்டும். இரண்டு வயரும் ஒரு நொடி ஒன்றையொன்று தொட்டால் பியூஸ் போய்விடும். பியூஸ் போனால் விளக்கும் போகும், நேர்த்தியும் போகும், நான் அந்தக் குடும்பத்தின் முகத்தில் இனி முழிக்க ஏலாது. வருடக்கணக்காகப் பழகிய கைக்கு இது வேலையே அல்ல. ஆனாலும் அன்றைக்குக் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டேன்.

"வெளியிலை திரியைத் திருப்பிக் கொளுத்தி வைப்பமோ, ஒரு காவலுக்கு?" என்றேன்.

"அது அணைஞ்சது அணைஞ்சதுதான். இப்ப இதுதான்," என்றார் அக்கா. அவருடைய சட்டம் எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் அதற்குள் நின்றுதான் வேலை செய்யவேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

அன்ரன் அண்ணை கைவிளக்குப் பிடித்தார். அக்கா முழந்தாளில் நின்று கண்ணை மூடினார். "அருள் நிறைந்த மரியே..." நான் தோல் உரித்தேன். முதல் வயரில் புதிய பல்பின் ஒரு காலைச் சுற்றினேன். இரண்டாவது வயர். சிவப்புக் குவளைக்குள் ஒரு சின்னப் புள்ளி எரிந்தது. இரண்டும் சேர்ந்து எரிந்தன. பழைய பல்பை மெல்ல இழுத்தேன். அது இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சடக்கென்று வந்தது. குவளை ஆடியது. அந்தக் கணத்தில் புள்ளி...

எனக்குத் தெரியாது. நான் இமைத்தேனோ, அது இமைத்ததோ. அடுத்த கணம் பார்த்தபோது எரிந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை, செபம் நிற்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன். 0.0.

செபம் முடிந்து அக்கா கண்ணைத் திறந்து, கிட்டப் போய்ப் பார்த்தார். "இது விளக்கே? மின்மினிப் பூச்சி மாதிரிக் கிடக்கு."

"மாதா கண்ணாடி போடுறேல்லையடி," என்றார் அன்ரன் அண்ணை. "அவவுக்கு இது காணும். எனக்கும் காணும். ஆறு இரவாய் அந்தப் பெரிய வெளிச்சத்திலை நான் ஒரு பொட்டு நித்திரை கொள்ளேல்லை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்காக எரியுதெண்டு தெரியாமலோ இருந்தனான்?" என்றார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். நான் என் சாமான்களை எண்ணி அடுக்கத் தொடங்கினேன். பதினான்கு இருந்தது. கொண்டு போனது பதின்மூன்று. அவர்களுடைய கரண்டி ஒன்றையும் சேர்த்து எண்ணியிருந்தேன்.

மறுநாள் மைஸ்டருக்கு வேலைத்தாளில் காரணம் எழுதவேண்டும். ஜெர்மன் கோவில்களில் பீடத்தடியில் எரியும் விளக்கை அவர்கள் "நித்திய ஒளி" என்பார்கள். அதையே எழுதினேன். அவர் வாசித்தார். நெடு நேரம் வாசித்தார். "இதை நீ எப்படி அணைத்தாய்?" என்று கேட்டார். அணைக்கவில்லை என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ரெகுலேற்றர் காசை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது. தேவையில்லாமல் போட்டாய்," என்றார். அதுவும் சரிதான்.

வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கும்போது, அவர்களுடைய வீட்டில் அந்தப் பொருளுக்கு என்ன பெயரோ அந்தப் பெயரால் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் வேலை முடிந்த பிறகு போய்ச் சும்மா இருங்கள். இதை நான் சொல்லித் தருகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கே அரைவாசிதான் விளங்கியது.

சனிக்கிழமை திருவிழா. நானும் குடும்பத்தோடு போனேன். வெயில் எறித்தது. ஒன்பது நாளும் ஒளித்திருந்துவிட்டுக் கடைசி நாள் எறித்தது. சுற்றுப்பிரகாரத்தில் அன்ரன் அண்ணை எனக்குப் பக்கத்தில் மெல்ல நடந்துவந்தார். முகத்தில் கறுப்புக் குறைந்திருந்தது. அக்கா முன்னால் பெண்களோடு பாடிக்கொண்டு போனார். அண்ணை என் காதுக்குக் குனிந்தார்.

"மாஸ்ரர், அண்டைக்கு ஒருக்கா நூந்து எரிஞ்சது. நான் கண்டனான்."

என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் என்னில் முட்டினார்.

"நடவுங்கோ, நடவுங்கோ," என்றார் அண்ணை. "நானும் இரவிலை அப்பிடித்தான். நிண்டு நிண்டுதான் வாறது. அதை அவ செத்த கணக்கிலை எழுதுறேல்லை."

நான் நடந்தேன். அவர் சொன்னது எனக்கு ஆறுதலா, அல்லது அவருடைய ரகசியத்தைக் காக்கும் பொறுப்பையும் என் தலையில் வைத்தாரா என்று இன்று வரை பிரித்தறிய முடியவில்லை. எனக்குத் தெரிந்தது செலவு மட்டும்தான். மூன்று தரம் போய்வந்த பெற்றோல் இருபத்திரண்டு யூரோ முப்பது சதம். தேவையில்லாத ரெகுலேற்றர் ஐம்பத்து நான்கு யூரோ. தேவைப்பட்ட சிவப்பு பல்ப் ஒரு யூரோ நாற்பது சதம். மொத்தம் எழுபத்தேழு யூரோ எழுபது சதம்.